கொள்ளுப்பாட்டியும் கைபேசியும்

வணக்கம் சார்,

பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் இன்ஸ்டாகிராமில் ஒரு வீடியோ காட்டினாள். கையில் பச்சை குத்திய எண்ணோடு ஒரு மூதாட்டி, பக்கத்தில் கொள்ளுப்பேரன். ஹிட்லரின் நாஜிகள் யூதர்களைக் கொன்று குவித்த ஆஷ்விட்ஸ் முகாமில் இருந்தவராம். அவன் கேள்வி கேட்கிறான், அவர் பதில் சொல்கிறார். விரலைத் தள்ளினால் அடுத்து ஒரு டான்ஸ். இவ்வளவு பெரிய கொடுமையை அரை நிமிடத் துணுக்காக்கலாமா? உறுத்துகிறது.

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அநேகமாக லிலி எபர்ட், அவருடைய கொள்ளுப்பேரன் டோவ் ஃபார்மன் இருவரையும்தான் சொல்கிறீர்கள். அவர்கள் வீடியோ போட்டது டிக்டாக்கில், நம்மூரில் அது தடை என்பதால் சுற்றிக்கொண்டு வந்திருக்கும்.

லிலி ஹங்கேரி நாட்டு யூதர். 1944 ஜூலையில் குடும்பத்தோடு ஆஷ்விட்ஸுக்கு ரயிலேற்றப்பட்டார். அம்மா, ஒரு தம்பி, ஒரு தங்கை மூவரையும் போய் இறங்கியதுமே விஷவாயு அறைக்கு அனுப்பிவிட்டார்கள். ரயிலில் வரும்போது அம்மா தன் காலணியை இவருக்குப் போட்டுவிட்டு இவருடையதை வாங்கிக்கொண்டார், அதன் குதிகாலுக்குள் ஒரு சின்னத் தங்கப் பதக்கம் இருந்தது. காலணி தேய்ந்த பிறகு தினமும் கிடைக்கிற ரொட்டித் துண்டுக்குள் அதைப் பொதிந்துவைத்துக் காப்பாற்றியிருக்கிறார். அந்தப் பசியில் ரொட்டியை உடனே தின்னாமல் வைத்திருப்பது என்றால் என்னவென்று யோசித்துப் பாருங்கள்!

இதையெல்லாம் அவர் பல ஆண்டுகள் பேசவே இல்லை. தப்பிப் பிழைத்தவர்களின் வீடுகள் பலவற்றில் இதுதான் கதை, பிள்ளைகள் மனம் நோகும் என்று பெற்றோர் சொல்லமாட்டார்கள், பெற்றோர் மனம் நோகும் என்று பிள்ளைகள் கேட்கமாட்டார்கள். பேரன் பேத்திகளுக்கு அந்தத் தயக்கம் குறைவு. 2020 ஊரடங்கில் 16 வயது டோவ், கொள்ளுப்பாட்டி பத்திரமாக வைத்திருந்த ஒரு ஜெர்மன் பணத்தாளை ட்விட்டரில் போட்டான். 1945இல் ஓர் அமெரிக்கச் சிப்பாய் 'புதிய வாழ்க்கையின் தொடக்கம்' என்று வாழ்த்தெழுதி அவருக்குக் கொடுத்தது. சிப்பாய் அதற்குள் காலமாகிவிட்டார், ஆனால் அவர் யார் என்று சில நாட்களிலேயே தெரிந்து, குடும்பத்தோடு பேசவும் முடிந்தது. விளையாட்டுப் பிள்ளை செய்கிற வேலையா இது?

அரை நிமிடத்தில் அடங்காதுதான், சரி. ஆனால் மகள் அதோடு நிற்கவில்லையே, உங்களிடம் கொண்டுவந்து காட்டியிருக்கிறாள். எனக்கு உறுத்துவது வேறு: அந்த மூதாட்டியின் வீடியோக்களுக்குக் கீழேயே ஹிட்லரைப் புகழ்ந்தும் எழுதினார்கள். லிலி 2024 அக்டோபரில், 100 வயதில் காலமானார். வீடியோக்கள் இருக்கின்றன. மகளோடு நீங்களும் உட்கார்ந்து பாருங்கள், கமெண்ட் பக்கம் மட்டும் போகவேண்டாம்.