செம்பனைக் கொட்டை ஓட்டை நீராவியில் உலர்த்தும்போது முதலில் இன்னும் நனைகிறதே, ஏன்?

மலேசியாவின் தெலுக் இந்தான் பக்கத்து செம்பனை ஆலையில், பழக்குலைகளை வேகவைக்கும் ஸ்டெரிலைசருக்குப் போகும் 3 பார் நீராவியையே ஃபுளூயிடைஸ்ட் பெட்டுக்குத் (அடியிலிருந்து ஊதி ஓட்டை மிதக்கவைத்து உலர்த்தும் கலன்) திருப்பியிருக்கிறீர்கள். ஓடு ஈரமாகி, படுகை அப்படியே உட்கார்ந்துவிடுகிறது என்கிறீர்கள்.

முதலில் நீராவியைப் பாருங்கள். 3 பாரில் (வளிமண்டல அழுத்தத்துக்கு மேல்) அது 143 டிகிரி இருந்தாலும் வெறும் பூரித நீராவிதான், அதாவது கொஞ்சம் சூடு இழந்தாலே நீராகத் தொடங்கும். வளிமண்டல அழுத்தத்துக்கு இறங்கும்போது, சொட்டு நீர் இல்லாமல் வந்தால் 130 டிகிரி வாக்கில் சூப்பர்ஹீட் ஆகும், அதாவது கொதிநிலைக்கு மேல் சூடாக இருக்கும். ஆனால் எடையில் 3 சதவீதம் நீர்த்துளி கலந்து வந்தாலே அந்தச் சூடு முழுக்கப் போய்விடும். டர்பைனைக் கடந்து நீளக் குழாயில் வருவதில் அவ்வளவு துளி இருப்பது சாதாரணம். எனவே பெட்டுக்கு முன்னால் துளி பிரிப்பானும் தனி சூப்பர்ஹீட்டரும் கட்டாயம் வேண்டும். அந்தச் சூப்பர்ஹீட்டரில் 150 டிகிரிவரை சூடேற்றுவதற்கு, 143 டிகிரியே உள்ள 3 பார் நீராவி உதவாது. பாய்லரின் உயரழுத்த நீராவியோ புகைவாயுவோதான் சரி.

நீராவி சரியாக இருந்தாலும் குளிர்ந்த ஓடு நனையத்தான் செய்யும். 30 டிகிரியில் 20 சதவீத ஈரத்தோடு உள்ளே போகும் ஒரு கிலோ ஓடு 100 டிகிரியைத் தொடுவதற்குள் சுமார் 60 கிராம் நீராவி அதன்மேல் நீராகப் படியும். 200 கிராம் ஈரம் 260 ஆகும். நுண்துளைகள் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும், மிச்சம் மேற்பரப்பில் நின்று ஓட்டோடு ஓட்டை ஒட்டவைக்கும். கட்டி விழுந்த இடத்தில் நீராவி ஏறாது, பக்கத்தில் வழி தேடிக்கொண்டு பீறிடும். ஓட்டை முன்கூட்டியே 80 டிகிரிக்குச் சூடாக்கினால் அந்த 60 கிராம் 20-க்குள் இறங்கிவிடும். கூடவே, பெட்டையும் குழாய்களையும் சூடான காற்றால் 110 டிகிரிக்கு மேல் சூடேற்றி, காய்ந்த ஓட்டையே முதல் படுகையாகப் போட்டு, அப்புறம் நீராவிக்கு மாறுங்கள். ஈர ஓட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட வேண்டும்.

நீராவியை ஊதும் புளோயரின் வேகத்தையும் காற்றுக்கு வைத்த கணக்கில் விடாதீர்கள். 150 டிகிரியில் நீராவி காற்றைவிட அடர்த்தி குறைந்தது. பெரிய துண்டுகளை மிதக்கவைக்கக் கால் பங்கு கூடுதல் வேகம் வேண்டும்.

ஈரம் எவ்வளவு இறங்கும் என்பதும் வெப்பத்தைப் பொறுத்தது. 110 டிகிரி நீராவி 70 சதவீத ஈரப்பதமுள்ள காற்றுக்குச் சமம், 150-இல் 21 சதவீதம்தான். அதனால் 110-இல் எவ்வளவு நேரம் வைத்தாலும் ஓட்டில் கொஞ்சம் ஈரம் தங்கும்.

நிறுத்தும்போது கவனம். உள்ளே ஆக்சிஜன் இல்லாததால் தீ பிடிக்காது, ஆனால் சூடாகக் காய்ந்த ஓடு கிடக்கும்போது கதவைத் திறந்தால் புகையத் தொடங்கலாம். நீராவி ஓடும்போதே பெட்டைக் காலி செய்து, தனியாக ஆறவைத்துவிட்டுத்தான் காற்றை விடவேண்டும்.