ஸ்வீட் பாக்ஸும் மூணு பர்சன்ட்டும்

சார் வணக்கம். அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு கம்பெனில குவாலிட்டில இருக்கேன், பதினோரு வருஷ சர்வீஸ். 2020ல இன்க்ரிமென்ட் ஜீரோ, 2021ல 3 பர்சன்ட், 2022ல 5. அந்த ஜீரோ வருஷம் சம்பளம் 22,000. அதுக்கப்புறம் ஏறுனதெல்லாம் விலைவாசிக்கே சரியா போயிடுது. கேட்டா 'அப்ப மார்க்கெட் டல்லு, உங்களை வீட்டுக்கு அனுப்பாம வெச்சிருந்தோமே'ங்கறாங்க. எங்க அப்பாவும் அதையேதான் சொல்றார். போன மாசம் சேர்ந்த பையனுக்கும் எனக்கும் 1,200 ரூபாதான் வித்தியாசம். நான் பேராசைப்படறேனா சார்? பேர் போட வேண்டாம்.

தம்பி,

பேராசை எல்லாம் இல்ல. மொதல்ல கணக்கை பாத்துருவோம், ஏன்னா உங்க லெட்டர்ல கோவம் இருக்கு, கணக்கு இல்ல. 22,000ல 3 ஏத்தி, அதுமேல 5 ஏத்துனா 23,793. அந்த மூணு வருஷமும் நாட்டுல விலைவாசி ஏறுனது 6.2, 5.5, 6.7 பர்சன்ட். இது அரசாங்கம் சொன்ன கணக்கு, உங்க வீட்டம்மா கணக்கு இன்னும் மேல இருக்கும், 2020 நவம்பர்ல சென்னைல 610 ரூபாய்க்கு வந்த சிலிண்டர் 2022 ஜூலைல 1068.50 ஆச்சே, ஞாபகம் இருக்கும். அரசாங்க கணக்குப்படியே பாத்தா, அந்த 22,000ல வாங்கிட்டு இருந்த பொருளை வாங்க உங்களுக்கு 26,300 வேணும். கையில வந்தது 2,500 கம்மி. ஆக, உங்களுக்கு சம்பளம் கம்மியா ஏறிச்சுன்னு நீங்க நெனக்கிறீங்க, நெஜத்துல உங்க சம்பளத்தை குறைச்சிருக்காங்க. 2,500 ரூபா குறைக்கறோம்னு நோட்டீஸ் போட்டிருந்தா அன்னிக்கே கேண்டீன்ல ரகளை ஆகியிருக்கும், ஏத்தலன்னு சொன்னதால எல்லாரும் தலையை ஆட்டிட்டு ஷிப்ட்டுக்கு போயிட்டீங்க.

நானும் ஆட்டுனவன்தான். 2009ல ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வண்டி பார்ட்ஸ் பண்ற ஒரு கம்பெனில இருந்தேன், அமெரிக்கால பேங்க் திவாலானதுக்கு இங்க எங்க லைன் வாரத்துல மூணு நாள்தான் ஓடிச்சு. ஏப்ரல்ல எல்லாரையும் கூட்டி வெச்சு, இந்த வருஷம் இன்க்ரிமென்ட் கிடையாது, ஆனா உங்களை எல்லாம் குடும்பமா நெனக்கிறோம்னு சொல்லி ஆளுக்கு அரைக்கிலோ ஸ்வீட் பாக்ஸும் 1,500 ரூபா கூப்பனும் குடுத்தாங்க. சத்தியமா சொல்றேன், கை தட்டுனோம். மைசூர்பாகு நல்லாவும் இருந்துச்சு. ஸ்டோர்ஸ்ல இருந்த ஒரு அண்ணன் மட்டும் தட்டல, என்னண்ணேன்னு கேட்டதுக்கு, "இது திரும்ப பேசிக்ல சேருமாடா?"ன்னார். எனக்கு அப்ப புரியல.

அவர் கேட்டதுதான் விஷயமே. பேசிக்னா அடிப்படை சம்பளம், அடுத்தடுத்த வருஷம் ஏத்தறதெல்லாம் அதுமேலதான். 20,000 வாங்கறவனுக்கு வழக்கமா 8 பர்சன்ட் ஏறுதுன்னு வைங்க, ஒரு வருஷம் மட்டும் ஜீரோ, அதுக்கப்புறம் அஞ்சு வருஷம் ஒழுங்கா 8 போடறாங்க. கடைசில அவன் 29,387ல நிப்பான். அந்த ஒரு வருஷம் விடாம இருந்திருந்தா 31,737. போனது ஒரு வருஷ காசுன்னு நெனச்சா ஆறாவது வருஷமும் மாசத்துக்கு 2,350 போயிட்டிருக்கு. வேலையை விட்டு போகும்போது குடுக்கற கிராஜுவிட்டி வேற கடைசி சம்பளத்தை வெச்சுதான் போடுவான், அங்கயும் இடிக்கும்.

மில் தொழிலாளிங்ககிட்ட பஞ்சப்படின்னு ஒரு வார்த்தை உண்டு, விலைவாசி ஏறுறதுக்காக சம்பளத்தோட சேர்த்து குடுக்கற காசு. இப்ப அகவிலைப்படின்னு மரியாதையா சொல்றோம். பஞ்சம் வந்தா குடுக்கற படி, பேரே அப்படித்தான், இதுக்காக 1984ல திருப்பூர்ல பனியன் தொழிலாளிங்க 127 நாள் ஸ்ட்ரைக் பண்ணாங்க. 127 நாள் தம்பி, நம்மால நாலு நாள் முடியுமா? ஆனா விலைவாசி ஏறுனதை முழுசா ஈடுகட்டணும்னு அவசியம் இல்லன்னு அதுக்கு ரொம்ப முன்னாடியே, 1951லயே, நம்ம பெரம்பூர் பக்கிங்காம் கர்நாட்டிக் மில் கேஸ்ல தீர்ப்பு வந்தாச்சு. 2020ல கொரோனா வந்ததும் மத்திய அரசு அவங்க ஸ்டாஃபுக்கு அந்த படியை 17 பர்சன்ட்லயே நிறுத்துச்சு, பஞ்சத்துக்குன்னு இருக்கறதை பஞ்சம்னு சொல்லியே நிறுத்துனாங்க, சிரிக்கறதா அழறதா தெரியல. ஏத்தாம விட்டது மூணு தவணை, 18 மாசம், அரியர்ஸ் இன்னிவரைக்கும் இல்ல, அதுல மிச்சம் ஆனது 34,402 கோடின்னு அவங்களே பார்லிமென்ட்ல சொன்னாங்க. நம்ம தமிழ்நாட்டு ஸ்டாஃபுக்கு இன்னும் லேட்டு, 2022 ஜனவரிலதான் 17ல இருந்து 31க்கு வந்துச்சு.

ஆனா ஒண்ணு கவனிங்க. நடுவுல போன காசு போனதுதான், ஆனா 2021 ஜூலைல மத்திய அரசு திரும்ப குடுக்க ஆரம்பிச்சப்போ 28ல இருந்து ஆரம்பிச்சாங்க, விட்ட மூணு தவணையையும் சேர்த்து. அரசாங்க ஸ்டாஃபுக்கு நிறுத்தி வெச்சாங்க. உங்களுக்கு எடுத்துட்டாங்க. இந்த வித்தியாசம்தான் உங்க கோவத்துக்கு காரணம்னு நெனக்கிறேன், அந்த 1,200 ரூபா பையன் இல்ல. அவனுக்கு இன்னிக்கு மார்க்கெட் ரேட், உங்களுக்கு 2020 ரேட்டு மேல கொஞ்சம் தூவுனது, அவ்ளோதான். அவன்மேல கோவப்படாதீங்க, நாளைக்கு அவனுக்கும் இதே கதை.

கம்பெனி பொய் சொல்லுச்சுன்னும் நான் சொல்ல மாட்டேன். 2020ல ஆர்டர் இல்லாம மூடுனவன் உங்க எஸ்டேட்லயே இருப்பான். அப்ப குடுக்க முடியல, சரி. ஆர்டர் திரும்பி ஓவர்டைம் ஓட ஆரம்பிச்ச வருஷம் அதை ஏன் பேசிக்ல சேக்கல, இதைத்தான் கேக்கணும். இந்த வருஷம் எவ்ளோ பர்சன்ட்னு கேக்காதீங்க, அதுக்கு எச்.ஆர்.கிட்ட ரெடியா பதில் இருக்கும். மேல போட்ட கணக்கை ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துட்டு போங்க, தனியா போகாதீங்க, அதே சர்வீஸ் இருக்கற நாலு பேரா போங்க. ஒன் டைம்னு ஏதாவது குடுத்தா வாங்கிக்கோங்க, வேண்டாம்னு சொல்ல நாம என்ன பெரிய ஆளா, ஆனா பேசிக் கேள்வியை விட்டுடாதீங்க. நடுவுல ரெண்டு இன்டர்வியூவும் அட்டென்ட் பண்ணி வைங்க, வெளிய உங்க ரேட் என்னன்னு தெரிஞ்சுட்டு உள்ள பேசறது வேற மாதிரி இருக்கும்.

அப்பாகிட்ட சண்டை போடாதீங்க. அவர் பாத்தது வேலையே போன ஆளுங்களை, அந்த பயம் சும்மா வராது. ஒரு நாள் சாயங்காலம் அந்த பேப்பரை அவர்கிட்டயும் காட்டுங்க, என்ன சொன்னார்னு எழுதுங்க.