பிஎம்-உஷா அடுத்த தவணை: செலவழித்தும் ஏன் வரவில்லை?

பிஎம்-உஷா என்பது கல்லூரிகளுக்கு ஒன்றிய, மாநில அரசுகள் சேர்ந்து மானியம் தரும் உயர்கல்வித் திட்டம். வந்த பணத்தில் 75 சதவீதம் செலவானால்தான் அடுத்த தவணை வரும்; அவ்வளவும் செலவழித்தும் ஏன் வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த 75 சதவீதத்தை உங்கள் கல்லூரிக்கு மட்டும் பார்க்க மாட்டார்கள். மாநிலத்தின் ஒற்றை முகமைக் கணக்குக்கு (இந்தத் திட்டத்துக்கான பணம் எல்லாம் வந்து சேரும் ஒரே வங்கிக் கணக்கு, எஸ்என்ஏ) வந்த மொத்தப் பணத்துக்கும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். நீங்கள் 90 சதவீதம் முடித்திருந்தாலும் மற்ற கல்லூரிகள் தூங்கினால் தவணை வராது. அநியாயம்தான், ஆனால் விதி அது.

உங்கள் கணக்கிலும் ஒரு தவறு தெரிகிறது. 5 கோடி மானியத்தில் 60:40 படி ஒன்றிய அரசு 3 கோடி, மாநிலம் 2 கோடி. முதல் 25 சதவீதமாக 75 லட்சம் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அதோடு மாநிலத்தின் 50 லட்சமும் சேரும். எனவே 75 சதவீதம் என்பது 56.25 லட்சம் அல்ல, 93.75 லட்சம்.

இதைப் பாருங்கள்:

1. மாநிலப் பங்கு ஒற்றைக் கணக்கில் ஏறிவிட்டதா? பெரும்பாலும் இங்கேதான் சிக்கும்.

2. பொதுப்பணித் துறைக்குக் கட்டிய வைப்புத் தொகை பிஎஃப்எம்எஸ்ஸில் (அரசுப் பணம் எங்கே போகிறது என்று கண்காணிக்கும் ஒன்றிய அரசின் இணையத்தளம்) இன்னும் 'முன்பணம்' என்றே நிற்கிறதா? பில் பதிவாகும் வரை அது செலவு ஆகாது.

3. பயன்பாட்டுச் சான்றிதழை (மானியம் எதற்குச் செலவானது என்று தரும் சான்று) ஒன்றிய அரசின் பொது நிதி விதிகளில் உள்ள 12-ஏ படிவத்தில்தானே கொடுத்தீர்கள்? 12-சி மாநில அரசுக்கானது.

மானியப் பணத்துக்கு வங்கியில் கிடைத்த வட்டியைச் செலவில் சேர்க்காதீர்கள், அதைத் திருப்பிக் கட்ட வேண்டும்.

வடகிழக்கு, இமயமலை மாநிலம் என்றால் விகிதம் 90:10. உங்கள் மாநிலத்தில் இந்தத் திட்டம் எஸ்என்ஏ-ஸ்பர்ஷ் முறைக்கு (பணத்தை முன்கூட்டியே கணக்கில் போடாமல், செலவு வரும்போது மட்டும் விடுவிக்கும் முறை) மாறியிருந்தால் மேலே சொன்ன தவணைக் கணக்கே பொருந்தாது.