புதுமுகத்தை நம்பிப் பணம் போடலாமா? படத் தயாரிப்பு பற்றி வாசகர் கேள்விகள்

தமிழ்ப் படத் தயாரிப்பு குறித்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: குடும்பத் தொழிலில் சேர்த்த பணத்தில் ஒரு படம் எடுக்க நினைக்கிறேன். வாரத்துக்கு நாலைந்து பேர் கதை சொல்ல வருகிறார்கள். கேட்கும்போது எல்லாமே நன்றாக இருக்கிறது. இவர்களில் யாருக்குப் படம் எடுக்கத் தெரியும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: கதை சொல்வது ஒரு தனிக் கலை. பின்னணி இசையை வாயாலேயே வாசித்து, இடைவேளைக் காட்சியில் எழுந்து நின்று நடித்துக்காட்டினால் யாருக்கும் பிடித்துவிடும். திரையில் அந்தக் குரல் இருக்காது. அதனால் கதை கேட்டு முடிவெடுக்காதீர்கள். கேட்டது பிடித்திருந்தால் அடுத்த படிக்குப் போங்கள்.

முதலில் பைண்டட் ஸ்கிரிப்ட், அதாவது காட்சிகளும் வசனமும் முழுதாக எழுதிக் கோத்த பிரதி, கேளுங்கள். எழுதி முடிக்கவில்லை என்றால் எழுதுவதற்கு என்று ஒரு தொகை கொடுத்து, தேதி குறித்து, ஒப்பந்தம் போட்டு எழுத வையுங்கள். படத்தை அந்த நிலையில் கைவிட்டாலும் நஷ்டம் அதோடு நின்றுவிடும். படப்பிடிப்பு தொடங்கி பத்தாவது நாளில் இரண்டாம் பாதி சரியில்லை என்று தெரிந்தால் ஆகும் நஷ்டம் வேறு. வந்த ஸ்கிரிப்டை அவர் பக்கத்தில் இல்லாமல், ஒரே உட்காரலில், தனியாகப் படியுங்கள். சொல்லும்போது இனித்த இடம் காகிதத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு இரண்டு காட்சிகளைப் பைலட்டாக, அதாவது மாதிரியாக, எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒன்று, இருவர் உட்கார்ந்து பேசும் காட்சி. இன்னொன்று, வசனமே இல்லாத காட்சி. சின்ன யூனிட், ஒரே நாள். படம் பளபளப்பாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம், அது ஒளிப்பதிவாளரின் வேலை. யார் எங்கே நிற்கிறார்கள், யாருக்கு என்ன வேண்டும் என்பது ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தாலும் புரிகிறதா? நடிகர் ஒரு ஷாட்டிலிருந்து அடுத்த ஷாட்டுக்கு அதே மனநிலையில் இருக்கிறாரா? குறித்த நேரத்தில் முடித்தாரா? ஐந்து நிமிடக் காட்சியை மூன்று நிமிடமாக்கித் தரச் சொல்லுங்கள். அவர் முதலில் எதைத் தூக்கி எறிகிறார் என்பது நிறையச் சொல்லும். அழகான ஷாட்டை விட்டுக்கொடுத்து, காட்சியின் உயிரைக் காப்பாற்றுகிறவர் கிடைத்தால் விடாதீர்கள்.

நீங்கள் சொல்லும் திருத்தத்துக்கு அவர் எப்படிப் பதில் சொல்கிறார் என்பதையும் கவனியுங்கள். எல்லாவற்றையும் மறுக்கிறவரும், எல்லாவற்றுக்கும் "சரிங்க சார்" போடுகிறவரும் ஒரே அளவு ஆபத்து. தேர்ந்தவர், "நீங்க சொல்ற தீர்வு வேண்டாம் சார், ஆனா அந்த இடத்துல ஏதோ இடிக்குதுன்னு சொல்றது சரி" என்பார். இரண்டு நாளில் வேறு ஒரு வழியோடு வருவார்.

அவர் உதவி இயக்குநராக இருந்த படங்களின் புரொடக்‌ஷன் மேனேஜர்களிடம் விசாரியுங்கள். அவர்கள் சொல்வது பெரும்பாலும் துல்லியமாக இருக்கும். குறும்படத்தைக் காட்டினால், அதை எழுதியது யார், எடிட் செய்தது யார் என்றும் கேளுங்கள்.

தமிழ் சினிமாவின் பெரிய கண்டுபிடிப்புகளைப் பாருங்கள். 1976-ல் பஞ்சு அருணாசலம் ‘அன்னக்கிளி’யில் இளையராஜாவை அறிமுகப்படுத்தியபோது, அவர் ஏற்கெனவே ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக வேலை பார்த்தவர். 1977-ல் எஸ்.ஏ. ராஜ்கண்ணு முதல் படம் கொடுத்தபோது, பாரதிராஜா கன்னட இயக்குநர் புட்டண்ணா கனகலிடம் தொழில் கற்றிருந்தார். 1992-ல் கவிதாலயாவின் ‘ரோஜா’வுக்கு முன்பே ஏ.ஆர். ரஹ்மான் விளம்பரப் படங்களுக்கு இசையமைத்துவந்தார். மூவரும் ரசிகர்களுக்குத்தான் புதியவர்கள், தொழிலுக்கு இல்லை. இரண்டாம் வரிசையில் வேலை செய்துகொண்டிருந்தவர்களைத் தயாரிப்புத் தரப்பு கவனித்திருக்கிறது. நீங்கள் தேட வேண்டிய இடமும் அதுதான்: இணை இயக்குநர்கள், குறும்பட எடிட்டர்கள், மேடை நாடகக் குழுக்கள், விளம்பரப் படங்கள்.

கேள்வி: புதுமுக நடிகரைத் தேர்வு செய்ய ஆடிஷனில் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்? நன்றாகச் செய்தவர்கள் படப்பிடிப்பில் சொதப்புவது ஏன்?

பதில்: வீட்டில் ஐம்பது முறை சொல்லிப் பார்த்த வசனத்தை ஆடிஷனில் சொல்லச் சொன்னால், ஒத்திகையைத்தான் பார்க்கிறீர்கள். படப்பிடிப்பில் இயக்குநர் வேறு மாதிரி கேட்கும்போது அவர்களால் மாற முடிவதில்லை. அதனால் ஒரே காட்சியை மூன்று முறை செய்ய வையுங்கள். முதல் முறை அவர் விருப்பப்படி. இரண்டாவது முறை கோபத்தைக் குறைத்து. மூன்றாவது முறை எதிரில் இருப்பவர் மேல் பயம் இருப்பதுபோல. மூன்றும் மூன்று விதமாக இருந்தால் நடிக்கத் தெரிந்தவர்.

அடுத்து, கேட்கும் காட்சி. எதிரில் ஒருவர் பேச, இவர் சும்மா கேட்க வேண்டும். க்ளோசப்பில் அந்த முகத்தை ஒரு நிமிடம் பார்க்க முடிகிறதா என்று பாருங்கள். தன் முறைக்காகக் காத்திருக்கிறவரின் கண் உடனே காட்டிக்கொடுத்துவிடும். அதன்பின் ஜோடி நடிகரோடு சேர்த்து ஒரு டெஸ்ட், உடை, தலைமுடி, ஒப்பனையோடு ஒரு லுக் டெஸ்ட், மைக் முன்னால் ஒரு டப்பிங் டெஸ்ட். டப்பிங்கைப் பலர் விட்டுவிடுகிறார்கள். முகம் பொருந்தி, குரல் பொருந்தாமல் போனால் கடைசி நேரத்தில் வேறொருவர் குரலைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

தேர்ந்தெடுத்த பிறகு தயாரிப்பாளருக்கு இன்னொரு பொறுப்பு வருகிறது. 1952-ல் வந்த ‘பராசக்தி’யில் நாடக நடிகர் வி.சி. கணேசனை நாயகனாக்கியவர் நேஷனல் பிக்சர்ஸ் பி.ஏ. பெருமாள். படப்பிடிப்பு தொடங்கிய பின், ஆள் ஒல்லியாக இருக்கிறார், மாற்றிவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. பெருமாள் அசையவில்லை. ஆரம்பத்தில் எடுத்த சில காட்சிகளைப் பின்னால் திரும்ப எடுத்தார்கள். சிவாஜி கணேசன் என்ற நடிகர் திரைக்கு அப்படித்தான் கிடைத்தார். புதுமுகத்தோடு படம் எடுப்பவர்கள் இதை மனதில் வைத்து, முதல் வாரத்தில் சுலபமான காட்சிகளைப் போட்டு, ஓரிரு நாளைத் திரும்ப எடுப்பதற்கென்று அட்டவணையிலேயே ஒதுக்குங்கள். கடினமான அழுகைக் காட்சியை முதல் நாள் வைத்து ஒரு புதுமுகத்தை உடைத்துவிடுவது இயக்குநரின் தவறு மட்டுமல்ல, அட்டவணைக்கு ஒப்புதல் கொடுத்த தயாரிப்பாளரின் தவறும்கூட.

கேள்வி: ஃபர்ஸ்ட் காப்பி அடிப்படையில் படம் தருவது என்றால் என்ன?

பதில்: பேசிய தொகைக்கு முழுப் படத்தையும் முடித்து, வெளியிடத் தயாரான பிரதியாகத் தருவதாக ஒருவர் ஏற்றுக்கொள்வது. செலவு கூடினால் அவர் தலையில், மிஞ்சினால் அவருக்கு லாபம். மிச்சம் பிடிக்கும் ஆசையில் தரம் குறையக்கூடும். எனவே படப்பிடிப்பு நாட்கள், முக்கிய நடிகர்கள், தொழில்நுட்பக் கலைஞர்கள், கிராஃபிக்ஸ் ஷாட் எண்ணிக்கை எல்லாவற்றையும் ஒப்பந்தத்தில் எழுதிவிட்டு, பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள்.

கேள்வி: 45 நாளில் முடிப்பதாகச் சொன்ன படம் 65 நாள் போகிறது. எல்லாப் படத்திலும் இது நடக்கிறது. ஏன்?

பதில்: பெரும்பாலும் ஸ்கிரிப்ட் கட்டத்திலேயே அந்த 20 நாள் ஒளிந்திருக்கிறது. இரண்டரை மணி நேரப் படம் என்றால் 150 நிமிடம். பேச்சும் சாதாரண அசைவுகளும் உள்ள காட்சிகளில் ஒரு நாளைக்கு மூன்று நிமிடம் பயன்படும்படி எடுத்தால் நல்ல வேகம். அந்தக் கணக்கிலேயே 50 நாள் ஆகிறது. சண்டை, பாட்டு, கூட்டம், குழந்தைகள், இரவுக் காட்சி என்று வந்தால் வேகம் இன்னும் குறையும். 45 நாள் என்று ஒப்புக்கொண்டவர் இந்தக் கணக்கைப் போடவே இல்லை.

அதனால் ஒவ்வொரு காட்சியையும் பிரித்து எழுதுங்கள்: உள்ளேயா வெளியேயா, பகலா இரவா, யார் யார், எத்தனை ஜூனியர் ஆர்ட்டிஸ்ட், என்ன பிராப்பர்ட்டி (காட்சிக்குத் தேவையான பொருட்கள்), என்ன வண்டி. எல்லோரையும் உட்கார வைத்து, ஸ்டாப்வாட்ச் பிடித்து ஸ்கிரிப்டை வாசித்துப் பாருங்கள். மூன்று மணி நேரம் வந்தால் காகிதத்திலேயே அரை மணி நேரத்தை வெட்டுங்கள். எடுத்துவிட்டு எடிட்டில் வெட்டினால், மேலே சொன்ன கணக்குப்படி அந்த அரை மணி நேரம் பத்து நாள் படப்பிடிப்பு: பேட்டா, அவுட்டோர் யூனிட் வாடகை, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் வீண். அந்தக் காலத்து ஜெமினி ஸ்டுடியோ, கதை இலாகா என்று ஒரு துறையையே வைத்திருந்தது. கதையைப் பலர் கூடி அலசும் பழக்கத்தை எஸ்.எஸ். வாசன் சம்பளம் கொடுத்து நடத்தினார்.

படப்பிடிப்பு நடக்கும்போது தினமும் மாலையில் இரண்டு எண்கள் உங்கள் கைக்கு வர வேண்டும்: இன்று முடித்த காட்சிகள் எத்தனை, இதுவரை ஆன செலவு எவ்வளவு. ஐந்தாம் நாளே பின்தங்கியிருந்தால் அன்றே இயக்குநரோடு உட்கார்ந்து இரண்டு காட்சிகளை ஒன்றாக்குங்கள், அல்லது ஒரு லொகேஷனைக் குறையுங்கள். இருபதாம் நாளில் பேசினால் சண்டைதான் மிஞ்சும். பட்ஜெட்டில் எதிர்பாராச் செலவுக்கென்று பத்து சதவீதம் தனியே வையுங்கள்.

வட்டியை மறந்துவிடாதீர்கள். இரண்டு வட்டிக்கு ஒரு கோடி வாங்கியிருந்தால் மாதம் இரண்டு லட்சம். படம் எட்டு மாதம் தள்ளிப்போனால் 16 லட்சம்.

கேள்வி: ஒரு நாவலின் உரிமையை எழுத்தாளரிடம் வாய்மொழியாகப் பேசி, முன்பணமும் கொடுத்துவிட்டேன். போதுமா?

பதில்: போதாது. 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவுப்படி, உரிமை மாற்றம் எழுத்தில், உரிமையாளரின் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்று கொள்ளப்படும். எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். இன்னொன்று பலருக்கும் தெரியாதது: வாங்கிய உரிமையை ஓர் ஆண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாத வரை, அது காலாவதியானதாகக் கருதப்படும். சினிமாவில் ஓர் ஆண்டு கண் மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும்.

எனவே காலம், நாடுகள், மொழிகள், ரீமேக், டப்பிங், தொடர்ச்சிப் படம், ஓடிடி, தொலைக்காட்சி எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதுங்கள். எழுத்தாளர் மறைந்தவர் என்றால் அவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு உரிமை உண்டு, வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். ஒருவர் விடுபட்டாலும் வெளியீட்டு வாரத்தில் நீதிமன்ற நோட்டீஸ் வரலாம். கல்கியைப்போல எழுத்துகள் நாட்டுடைமையாக்கப்பட்டிருந்தால் இந்தச் சிக்கல் இல்லை. டைட்டில் கார்டில் எழுத்தாளர் பெயர் எந்த இடத்தில், எப்படி வரும் என்பதையும் எழுதிவிடுங்கள். அது அவருக்குச் சேர வேண்டிய மரியாதை.

கேள்வி: படம் நீளம் என்று எனக்குத் தோன்றுகிறது. இயக்குநர் ஒரு ஃப்ரேமைக்கூட வெட்ட மறுக்கிறார்.

பதில்: உங்கள் அபிப்பிராயத்தை அவர் அபிப்பிராயத்தோடு மோதவிடாதீர்கள். முப்பது நாற்பது பேருக்குப் போட்டுக் காட்டுங்கள். சொந்தக்காரர்கள், யூனிட் ஆட்கள், சினிமாக்காரர்கள் வேண்டாம். இயக்குநரைத் திரைக்குப் பக்கவாட்டில், பார்வையாளர்களின் முகம் தெரியும்படி உட்கார வையுங்கள். கைபேசியை எடுப்பது, நெளிவது, எழுந்து போவது எந்தக் காட்சியில் என்று குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். முடிந்ததும் "படம் எப்படி?" என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். "எந்த இடத்தில் குழப்பமாக இருந்தது? யார் பெயர் நினைவிருக்கிறது? கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?" என்று கேளுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பின்பாதி இழுக்கிறது என்று பத்துப் பேர் சொன்னால் கோளாறு பல சமயம் முன்பாதியில் இருக்கும். நாயகனுக்கு என்ன வேண்டும் என்பது முதல் அரை மணி நேரத்தில் பதியாவிட்டால், பிறகு வரும் எல்லாமே நீளமாகத்தான் தெரியும். கத்தரியை எடுக்கும் முன் அதைப் பாருங்கள்.

கேள்வி: ரிலீஸ் அன்று காலைக் காட்சி ரத்தாகும் செய்தியை அடிக்கடி படிக்கிறோம். தவிர்க்க வழியில்லையா?

பதில்: உண்டு. ஃபிலிம் இருந்த காலத்தில் பைனான்சியர்கள் லேபிலிருந்து ‘லேப் லெட்டர்’ வாங்கி வைத்திருப்பார்கள். பாக்கி தீராமல் பிரிண்ட் வெளியே போகாது. இப்போது அந்தக் கடிதத்தை, தியேட்டர்களுக்குப் படத்தை அனுப்பும் டிஜிட்டல் ஒளிபரப்பு நிறுவனத்திடம் வாங்குகிறார்கள். படம் தியேட்டர் சர்வருக்குப் போய்ச் சேர்ந்தாலும், திறக்கும் சாவியான கேடிஎம் வராமல் ஓடாது. கடைசி இரவில் பேச்சுவார்த்தை இழுத்தால் காலைக் காட்சி போய்விடும், முதல் நாள் கூட்டமும் போய்விடும்.

வெளியீட்டுக்கு மூன்று வாரம் முன்பே பாக்கிப் பட்டியல் போடுங்கள்: பைனான்சியர், நடிகர் சம்பளம், தொழில்நுட்பக் கலைஞர்கள், முந்தைய படத்தின் விநியோகஸ்தர் நஷ்டக் கோரிக்கை. ஒவ்வொருவரிடமும் எழுத்தில் தடையில்லாக் கடிதம் வாங்குங்கள்.

தணிக்கையையும் இழுக்க விடாதீர்கள். 2024 விதிகளின்படி யுஏ பிரிவு 7+, 13+, 16+ என்று மூன்றாகியிருக்கிறது. எதை எதிர்பார்க்கிறீர்களோ அதை எடிட்டிலேயே முடிவு செய்யுங்கள். ஏ சான்றிதழ் வாங்கிய படத்தை அப்படியே தொலைக்காட்சியில் காட்ட முடியாது, சேனல் பேசிய விலை குறையும். படத்தில் மாடோ, குதிரையோ, நாயோ நடித்திருந்தால் விலங்கு நல வாரியத்தின் அனுமதியைப் படப்பிடிப்புக்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும். முன்பு சென்னையில் இருந்த வாரியத் தலைமையகம் இப்போது ஹரியானாவில் இருக்கிறது, நாள் பிடிக்கும். புகைபிடிக்கும் காட்சி இருந்தால் தொடக்கத்திலும் நடுவிலும் எச்சரிக்கைப் படமும், காட்சியின்போது திரையில் எழுத்தும் வர வேண்டும். இந்தக் காகிதங்கள் எல்லாம் ஒரே கோப்பில் சேர்ந்த பிறகு முன்பதிவைத் திறங்கள்.