விரல் மரத்துப்போகிறது, எந்த வேலையை விடுவது?

கேள்வி: எனக்கு 46 வயது. திண்டுக்கல் பக்கம் வீட்டில் வைத்தே தைத்துக் கொடுக்கிறேன். ஆர்டர் பிளவுஸ், சேலைக்குக் குச்சு, கல்யாணப் பெண்களுக்கு ஆரி வேலை என்று எப்போதும் நாலைந்து வேலை பாதியில் நிற்கும். மகளுக்கு இது எட்டாம் மாதம். பேரக்குழந்தைக்காகத் தொப்பி, கையுறை, காலுறை என்று குரோஷாவும் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஆரியில் கை கடுத்தால் அதை வைத்துவிட்டுக் குச்சு கட்டுவேன். ராத்திரி டிவி பார்த்துக்கொண்டே குரோஷா, அதுதான் எனக்கு ஓய்வு. இரண்டு மாதமாக விடியற்காலை மூன்று மணிக்கு வலது கை மரத்துப்போய் விழிப்பு வந்துவிடுகிறது. கையை உதறினால் சரியாகிறது. பக்கவாதத்துக்கு அறிகுறியா? பக்கத்து வீட்டு அக்கா நரம்புத் தளர்ச்சி என்கிறார். மருந்துக்கடையில் சத்து மாத்திரை கொடுத்தார்கள். வீட்டுக்காரர், "எல்லாத்தையும் இழுத்துப் போட்டுக்காதே, ஒண்ணை முடிச்சிட்டு ஒண்ணை எடு" என்கிறார். எந்த வேலையை நான் விட வேண்டும்?

பதில்: முதலில் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். பக்கவாதம் இரண்டு மாதமாகத் தினமும் மூன்று மணிக்கு வந்து, உதறினால் போகிற விருந்தாளி அல்ல. திடீரென்று வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு பக்கக் கைகால் வலுவிழந்தாலோ உதறிப் பார்த்துக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள். நீங்கள் சொல்வது அது இல்லை.

இன்று இரவு விழிப்பு வரும்போது ஒன்றைக் கவனியுங்கள். மரத்துப்போவது எந்தெந்த விரல்? கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி, இவை மரத்துப்போய், சுண்டுவிரல் மட்டும் தப்பித்திருந்தால் மணிக்கட்டில்தான் சிக்கல். உதறினால் விட்டுப்போவதும் அதையே காட்டுகிறது. இதற்குக் கார்பல் டனல் சிண்ட்ரோம் என்று பெயர். மணிக்கட்டில் மூன்று பக்கம் எலும்பும் மேலே ஒரு தடித்த பட்டையுமாக ஒரு குறுகலான பாதை இருக்கிறது. விரல்களை மடக்கும் ஒன்பது நாண்களும் அதற்குள்தான் போகின்றன, கூடவே மீடியன் என்ற ஒரு நரம்பும். பாவாடை நேஃபாவுக்குள் ஒரு நாடாவுக்குப் பதில் பத்து நாடாவைக் கோத்தது போல. நாண்களின் உறை கொஞ்சம் வீங்கினாலும் நசுங்குவது நரம்புதான். தூக்கத்தில் மணிக்கட்டை மடக்கிக் கன்னத்துக்குக் கீழே வைத்துக்கொள்கிறோம். அதனால்தான் பகலில் செய்த வேலைக்கு ராத்திரியில் கணக்குத் தீர்கிறது.

சுண்டுவிரலும் சேர்ந்து மரத்துப்போனாலோ, கழுத்திலிருந்து வலி இறங்கினாலோ கதை வேறு. இரண்டு பாதங்களும் எரிந்தால் அதுவும் வேறு. அப்போது நேரில்தான் பார்க்க வேண்டும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். வீட்டுக்காரரின் அக்கறை புரிகிறது, ஆனால் இந்த விஷயத்தில் மருத்துவம் அவர் பக்கம் இல்லை. ஒரே ஆரி பிளவுஸை நாலு நாள் தொடர்ந்து போட்டு முடிப்பதைவிட நடுநடுவே வேறு வேலைக்கு மாறுவதுதான் கைக்கு நல்லது. நீங்கள் மாறுகிறீர்கள், சரி. எதற்கு மாறுகிறீர்கள் என்பதுதான் வினை. ஆரி ஊசியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிப் பிடிக்கிறீர்கள். கை கடுத்ததும் குச்சு. அதிலும் கிள்ளிப் பிடித்து முடிச்சு. ஓய்வு என்று எடுக்கும் குரோஷா ஊசியும் அதே இரண்டு விரலில். காலை முதல் ராத்திரி வரை மூன்று பெயரில் ஒரே வேலை.

சில வருடம் முன்பு இதே தொந்தரவோடு வந்த ஓர் அம்மாவை, அடுத்த முறை வேலையையும் கையோடு கொண்டுவரச் சொன்னேன். சேலை முந்தானையைத் தலையணையில் குத்தி மடியில் வைத்துக்கொண்டு கட்டிக் காட்டினார். ஒவ்வொரு முடிச்சையும் இறுக்கும்போது மணிக்கட்டு உள்பக்கமாக முழுக்க மடங்கி ஒரு வெட்டு வெட்டியது. அரை இஞ்சுக்கு ஒன்று என்றால் ஒரு முந்தானைக்கு எண்பது, தொண்ணூறு குச்சு. ஒரு சேலைக்குள் எத்தனை வெட்டு என்று எண்ணிக்கொள்ளுங்கள். மடியில் இருந்த தலையணையை மேசைமேல், முழங்கை உயரத்துக்கு ஏற்றி வைத்ததுமே மணிக்கட்டு நேரானது. மாத்திரை எழுதுவதற்கு முன் நான் செய்த வைத்தியம் அவ்வளவுதான்.

ஆகவே வேலைகளை டெலிவரி தேதியை மட்டும் பார்த்துப் பிரிக்காமல், கைப்பிடியையும் பார்த்துப் பிரியுங்கள். ஆரி, குச்சு, குரோஷா, ஹெம்மிங், ஹூக் கட்டுவது எல்லாம் ஒரே கூட்டம். இவற்றில் ஒன்றை அரை மணி நேரம் செய்தால் அடுத்தது மெஷின் தையலாகவோ, அளவு குறிப்பதாகவோ, அயர்ன் பண்ணுவதாகவோ இருக்கட்டும். கட்டிங் தனி ரகம். மொட்டைக் கத்தரியால் லைனிங்கோடு சேர்த்து வெட்டினால் கட்டைவிரல் அடிப்பகுதி போய்விடும். கத்தரியைச் சாணை பிடித்து வையுங்கள். கட்டைவிரலை உள்ளே வைத்து முஷ்டியை மூடி, சுண்டுவிரல் பக்கம் சாய்க்கும்போது மணிக்கட்டில் சுரீரென்று வலித்தால் அங்கே நாணும் வீங்கியிருக்கலாம். மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள். மெல்லிய இரும்பு குரோஷா ஊசிக்குப் பதில் ரப்பர் பிடி போட்ட தடித்த ஊசி வாங்குங்கள், இல்லை பழைய ஊசியிலேயே துணியைச் சுற்றிப் பிடி கட்டிக்கொள்ளுங்கள். ஊசி பருமனாக ஆக, விரல் இறுக்க வேண்டியதில்லை. டிவி முன்னால் ஓடும் அந்த ராத்திரி குரோஷாவைக் காலைக்கு மாற்றுங்கள்.

கண்ணையும் சொல்லியாக வேண்டும். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் 46 வயதில் கண்ணாடி இல்லாமல் ஆரி போடுகிறவர் துணியை முறைத்துப் பார்க்கிறார். தெரியாதபோது கழுத்து குனிகிறது, விரல் தானாக இறுகுகிறது. கண் பரிசோதனைக்குப் போகும் முன், கழுத்தில் தொங்கும் இன்ச் டேப்பால் உங்கள் கண்ணிலிருந்து ஆரித் துணி மாட்டும் சட்டத்துக்கும் மெஷின் ஊசிக்கும் எவ்வளவு தூரம் என்று அளந்து எழுதிக்கொண்டு போங்கள். பேப்பர் படிக்கிற தூரத்துக்குப் போட்ட கண்ணாடி தையலுக்குப் பொருந்தாமல் போவதுண்டு.

வைத்தியம் என்று பார்த்தால், மணிக்கட்டை நேராக நிறுத்தும் ஸ்பிளின்ட் ஒன்று சர்ஜிக்கல் கடைகளில் கிடைக்கும். ராத்திரி மட்டும் போட்டுக்கொண்டு படுங்கள், ஆறு வாரம். பலவற்றில் உள்ளே இருக்கும் தகடு மணிக்கட்டை மேல்நோக்கி வளைத்தபடி இருக்கும். உருவி எடுத்து நேராக்கிப் போடச் சொல்லுங்கள். பகலில் அதைப் போட்டுக்கொண்டே தைக்காதீர்கள், வலி தோளுக்கு ஏறும். சுளுக்கு எடுக்கிறேன் என்று யாரும் மணிக்கட்டை அமுக்க விடாதீர்கள்.

கூடவே சர்க்கரை, தைராய்டு, பி12 மூன்றுக்கும் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். சர்க்கரை நோயும், தைராய்டு சுரப்புக் குறைவும் இந்த நரம்பு அழுத்தத்தைக் கொண்டுவரும். தைராய்டைச் சரிசெய்த பிறகு தானாக விட்டுப்போனவர்களும் உண்டு. பி12 குறைவாக இருந்தால்தான் அந்தச் சத்து மாத்திரையால் பயன். "நரம்புத் தளர்ச்சி" என்பது ஒரு நோயின் பெயரே இல்லை. எது புரியாவிட்டாலும் நம் ஊரில் வைக்கிற பெயர் அது.

ஆறு வாரத்தில் குறையவில்லை என்றாலும், மரத்துப்போவது பகலிலும் நீடித்தாலும், பொருள் கைநழுவினாலும், கட்டைவிரலுக்குக் கீழே உள்ள சதைமேடு மற்ற கையைவிட வற்றித் தெரிந்தாலும் எலும்பு மருத்துவரையோ நரம்பு மருத்துவரையோ பாருங்கள். சதை வற்றியிருந்தால் ஆறு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். நரம்பில் மின்னோட்டம் எப்படிப் போகிறது என்று பரிசோதித்துவிட்டு ஊசியா, சின்ன அறுவை சிகிச்சையா என்று முடிவு செய்வார்கள். கையை மட்டும் மரக்கச் செய்து பட்டையை வெட்டிவிடுவது அது. பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போய்விடலாம்.

உங்கள் மகளுக்கும் இதே மாதிரி கை மரத்துப்போனால் பயப்பட வேண்டாம். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் உடம்பில் நீர் கோத்து இதே நரம்பு அழுந்தும், பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகு விட்டுவிடும். மருத்துவரிடம் சொல்லிவைக்கட்டும்.

பேரக்குழந்தையின் கையுறை, காலுறை பற்றியும் ஒரு வார்த்தை. பின்னி முடித்ததும் உள்பக்கத்தை வெளியே திருப்பி, தொங்குகிற நூலை எல்லாம் ஒட்ட நறுக்குங்கள். உள்ளே கிடக்கும் ஒரு நூல் பிஞ்சு விரலில் சுற்றி இறுகி ரத்தம் போகாமல் நீலம் பாய்வதைப் பார்த்திருக்கிறேன். குழந்தை காரணம் தெரியாமல் அழுதால் முதலில் உறையைக் கழற்றி விரல்களைப் பாருங்கள். திண்டுக்கல் வெயிலில் வீட்டுக்குள் தூங்கும் குழந்தைக்குக் கம்பளித் தொப்பி தேவையில்லை. தொப்பியை அவசரமில்லாமல் பின்னலாம், கையும் கொஞ்சம் ஆறும்.