ஜார்ஜியா ஏன் சேரவில்லை?

கேள்வி: அமெரிக்காவில், தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் வசிக்கிறோம். 1832-ஆம் ஆண்டின் இறக்குமதி வரி நெருக்கடி பற்றி மகனுக்குப் பள்ளியில் கட்டுரை கொடுத்திருக்கிறார்கள். அதிபர் ஜாக்சனின் மத்திய அரசு சரியா, வரியை எதிர்த்த தென் கரோலினா சரியா என்று அப்பாவும் பிள்ளையும் தினமும் மோதிக்கொள்கிறார்கள். மாநில சுயாட்சிப் பேச்சுகளைக் கேட்டு வளர்ந்த என் கணவர் மாநிலத்தின் பக்கம். "பக்கத்து மாநிலமான ஜார்ஜியாவிலும் பருத்திதானே? அது ஏன் எதிர்ப்பில் சேரவில்லை?" என்று மகன் கேட்டான். "அது கட்டுரைக்குத் தேவையில்லை" என்றார் அவர். சாப்பிடும் நேரத்தில் சண்டை வேண்டாமென்று நானும் தலையாட்டினேன். வீட்டில் அமைதி திரும்ப என்ன வழி?
- ஒரு வாசகி

பதில்: சகோதரி, வளரும் பிள்ளை அப்பாவோடு வாதாடாத வீடு எங்கே இருக்கிறது? அதற்கெல்லாம் மருந்து தேட வேண்டாம். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது நீங்கள் தலையாட்டியதுதான். அந்த வரலாற்றின் முடிச்சைப் பையன் சரியாகப் பிடித்தான். நீங்கள் இருவரும் சேர்ந்து அவன் கையைத் தட்டிவிட்டீர்கள்.

உங்கள் கணவர் பக்கமும் நியாயம் உண்டு. 1828-ஆம் ஆண்டின் வரி வடக்கின் ஆலைகளைக் காத்தது. பருத்தியை உலகச் சந்தையில் விற்றுவிட்டுத் துணியையும் இரும்பையும் கூடுதல் விலைக்கு வாங்கிய தெற்கின் கோபம் பொய்யல்ல. 1832 நவம்பரில், அந்த வரிச் சட்டங்கள் எங்கள் எல்லைக்குள் செல்லாது என்று தென் கரோலினா அறிவித்தது. ஜாக்சன் படை அனுப்புவேன் என்று மிரட்டினார். 1833 மார்ச்சில் செனட்டர் ஹென்றி கிளே, வரியைப் படிப்படியாகக் குறைக்கும் சமரசத்தைக் கொண்டுவந்தார். உங்கள் கணவர் சொல்லும் கதை இத்தோடு முடிந்துவிடுகிறது.

ஆனால் ஜார்ஜியாவும் அலபாமாவும் மிசிசிப்பியும் அதே வரியைத்தான் கட்டின. ஒன்றுகூடச் சேரவில்லை. அப்படியானால் வரி மட்டும் காரணமாக இருக்க முடியாது. தென் கரோலினாவின் மக்கள்தொகையில் அன்று பாதிக்கு மேல் அடிமைகள். கடலோர நெல்வயல் பகுதிகள் சிலவற்றில் பத்துப் பேரில் எட்டுப் பேர். எஜமானர்களுக்கு இரவில் தூக்கம் வருமா? 1822-இல் உங்கள் ஊரிலேயே, டென்மார்க் வெசி என்ற விடுதலை பெற்ற கறுப்பினத் தச்சர் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டதாகச் சொல்லி, அவரோடு சேர்த்து 35 பேரைத் தூக்கிலிட்டார்கள். அதே ஆண்டு, துறைமுகத்துக்கு வரும் சுதந்திரமான கறுப்பின மாலுமிகளைக் கப்பல் புறப்படும்வரை சிறையில் அடைக்கச் சட்டம் போட்டார்கள். அது செல்லாது என்று மத்திய நீதிபதி வில்லியம் ஜான்சன் 1823-இல் சொன்னார். மாநிலம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வரிச் சண்டைக்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே மத்திய அரசை மீறப் பழகிவிட்டார்கள், மனிதர்களைப் பூட்டிவைப்பதற்காக.

இதை அந்தப் பக்கத்துத் தலைவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஜான் கால்ஹூன் 1816-இல் காப்பு வரியை ஆதரித்தவர். 1828-இல் துணை அதிபராக இருந்துகொண்டே, பெயர் போடாமல் அதற்கு எதிரான அறிக்கையை எழுதியவர். 1830 செப்டம்பரில் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், வரிச் சட்டம் ஒரு சந்தர்ப்பம்தான், உண்மையான காரணம் அல்ல என்கிறார். தெற்கின் அடிமை முறையைத்தான் சுட்டுகிறார். இன்று வரியில் நீளும் மத்திய அரசின் கை நாளை அதற்கும் நீளும் என்ற பயம்.

மாநில உரிமை எனக்கும் உயிரானது. அதனாலேயே கேட்கிறேன்: தான் பெற்ற பிள்ளையை நாளை விற்றுவிடுவார்களோ என்று நடுங்கிய தாய்க்கு அந்த மாநிலத்தில் என்ன உரிமை இருந்தது? 1860-இல் அமெரிக்க ஒன்றியத்திலிருந்து பிரிந்து போகும்போது இதே தென் கரோலினா, தப்பியோடும் அடிமைகளைப் பிடித்துத் தரும் மத்தியச் சட்டத்தை வடக்கு மாநிலங்கள் மதிக்கவில்லை என்று குற்றம் சாட்டியது. மாநிலங்கள் மத்திய அரசுக்கு அடங்கவில்லை என்பது அவர்களுடைய புகார்! உங்கள் கணவர் இதற்கு என்ன சொல்வார்?

பிள்ளை கேட்பதற்கு விடை தெரியாமல் இருப்பது குற்றமில்லை. தேவையில்லை என்று வாயடைப்பது குற்றம். அப்பா அடைக்கும்போது அம்மா தலையாட்டுவது இன்னும் மோசம். பிள்ளைக்கு அதன்பின் அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? அந்த வயல்களில் உழைத்தவர்களின் வழிவந்த பிள்ளைகள் அவன் வகுப்பிலேயே இருக்கலாம். அவர்களுக்கு நடுவில்தான் அவன் வளரப்போகிறான்.

கட்டுரையை அவனே எழுதட்டும். அதற்கு முன் மூவருமாக, கேட்ஸ்டன் துறையில் 2023-இல் திறந்த ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்துக்குப் போய் வாருங்கள். அடிமைகளைக் கப்பலிலிருந்து இறக்கிய இடம் அது. கால்ஹூனின் கடிதத்தை உங்கள் கணவர் படிக்கட்டும். படித்த பிறகும் மாநிலத்தின் பக்கம்தான் நியாயம் என்று தோன்றினால், அதை மகனுக்கு எதிரே உட்கார்ந்து காரணத்தோடு சொல்லட்டும்.