ஒரே ஐ.எஸ்.ஓ-வில் திறந்ததும் மூடியதும்: லினக்ஸ் உரிமக் கேள்வி பதில்

பில்பெட்டி: அண்ணா, டெபியன் 12 (ஒரு லினக்ஸ் இயங்குதளம்) மேல் எங்கள் சொந்த பில்லிங் மென்பொருளைப் போட்டு, கடைகளுக்குப் பெட்டியாக விற்கிறோம். கெர்னல் (இயங்குதளத்தின் மைய நிரல்) ஜி.பி.எல், அதாவது விநியோகித்தால் சோர்ஸையும் (மூலநிரல்) தரச் சொல்லும் உரிமம், என்பதால் எங்கள் சோர்ஸையும் திறந்துவிட வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஒரே வட்டில் பக்கத்தில் பக்கத்தில் கிடப்பதால் மட்டும் உரிமம் ஒட்டிக்கொள்ளாது, ஜி.பி.எல் இரண்டாம் பதிப்பின் 2ஆம் பிரிவே அப்படிச் சொல்கிறது. ஒரே நிரலாக லிங்க் ஆகும்போதுதான் (இணைக்கப்படும்போதுதான்) கணக்கு மாறும். உங்கள் நிரலின் மீது எல்.டி.டி கட்டளையை ஓட்டிப் பாருங்கள், எந்தெந்த நூலகங்களோடு இணைகிறது என்று காட்டும். ஜிலிப்சி (அடிப்படை சி நூலகம்) வந்தால் பயமில்லை, அது எல்.ஜி.பி.எல், ஜி.பி.எல்-இன் தளர்ந்த வடிவம். ரீட்லைன் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். நூலகம்தான், ஆனாலும் முழு ஜி.பி.எல். மேல் அம்புக்குறியை அழுத்தினால் பழைய கட்டளை வரட்டும் என்று குழுவில் யாராவது சேர்த்திருப்பார்கள். அதை எடுத்துவிட்டு, சோர்ஸைத் திறக்கச் சொல்லாத பி.எஸ்.டி உரிமத்தில் உள்ள லிப்எடிட்டைப் போடுங்கள்.

எல்.ஜி.பி.எல்-இலும் கவனம் வேண்டும். 2.1 பதிப்பின் 6ஆம் பிரிவுப்படி, வாடிக்கையாளர் உங்கள் நிரலைத் தன் பயன்பாட்டுக்காக மாற்றிக்கொள்ளவும், அந்த மாற்றத்தில் பிழை தேட எதிர்ப்பொறியியல் (நிரலைப் பிரித்து ஆராய்வது) செய்யவும் உங்கள் உரிமம் இடம்தர வேண்டும். "எவ்வகையிலும் எதிர்ப்பொறியியல் கூடாது" என்ற வரி உங்கள் ஒப்பந்தத்தில் இருந்தால் அது நேர் மோதல். இன்றே வக்கீலிடம் சொல்லித் திருத்துங்கள். ஸ்டாட்டிக்காக, அதாவது நூலகத்தை நிரலுக்குள்ளேயே சேர்த்து, லிங்க் செய்திருந்தால் மறுபடி லிங்க் செய்யத் தேவையான ஆப்ஜெக்ட் கோப்புகளையும் (கம்பைல் ஆகி, இன்னும் லிங்க் ஆகாதவை) தர வேண்டும்.

பில்பெட்டி: டெபியன் பகுதியின் சோர்ஸுக்கு அவர்கள் தள முகவரியைக் கொடுத்தால் போதும்தானே?

பதில்: போதாது. பெட்டியை விற்பவர் நீங்கள், கடமையும் உங்களுடையது. ஜி.பி.எல் இரண்டாம் பதிப்பின் 3ஆம் பிரிவில் மூன்று வழிகள் உண்டு. ஒன்று, சோர்ஸைக் கூடவே கொடுப்பது. இரண்டு, குறைந்தது 3 ஆண்டு செல்லும் எழுத்துமூல உறுதி. வாடிக்கையாளர் மட்டுமல்ல, யார் கேட்டாலும் தர வேண்டும். மூன்றாவது, உங்களுக்கு வந்த உறுதியை அப்படியே கைமாற்றுவது. அது வணிகமில்லாத விநியோகத்துக்கு மட்டும், உங்களுக்கு இல்லை. முதல் வழியில் போங்கள். மூன்று வருடம் கழித்து எந்தப் பதிப்பு எந்தப் பெட்டியில் போனது என்று தேடும் வேலை மிச்சம்.

ஐ.எஸ்.ஓ (நிறுவல் வட்டின் முழுக் கோப்பு) கட்டிய அன்றே, அதே பதிப்பு எண்களுக்கான சோர்ஸை இறக்கி, உங்கள் பேட்ச் (நீங்கள் செய்த மாற்றங்கள்), கெர்னல் கான்ஃபிக் (அமைப்புக் கோப்பு), பில்டு ஸ்கிரிப்ட் (கட்டும் கட்டளைகள்) எல்லாவற்றோடும் ஒரே கோப்பாகக் கட்டி வையுங்கள். ஸ்கிரிப்ட்டும் சோர்ஸில் சேர்த்தி.

பச்சைத்திரை: உபுண்டு லினக்ஸ், என்விடியா கிராஃபிக்ஸ் அட்டையின் மூடிய டிரைவரை முன்கூட்டியே கட்டித் தருகிறதே, அது மட்டும் எப்படி?

பதில்: நல்ல கேள்வி. மூடிய டிரைவரில் ஒரு பகுதி பைனரி, அதைக் கெர்னலோடு இணைக்கும் பகுதி சோர்ஸ். இரண்டும் சேர்ந்த மாட்யூலை (கெர்னலுக்குள் ஏற்றப்படும் துண்டு நிரல்) கைமாற்றுவதுதான் சர்ச்சை. ஜி.பி.எல் நிபந்தனைகள் விநியோகத்தில்தான் எழும். பயனர் தன் கணினியில் லிங்க் செய்துகொள்வதைத் தடுப்பதில்லை. அதனால் உபுண்டு முழு மாட்யூலை அனுப்புவதில்லை. ஆப்ஜெக்ட் கோப்புகள் ஒரு பொதியில், டிஜிட்டல் கையொப்பம் இன்னொரு பொதியில். நிறுவும்போது உங்கள் கணினியிலேயே லிங்க் ஆகிறது, பிறகு கையொப்பம் ஒட்டப்படுகிறது. பைட்டுக்கு பைட் ஒரே மாதிரி வந்தால்தான் அந்தக் கையொப்பம் பொருந்தும், வருகிறது. மிக அருமையான பொறியியல் இது.

நிறுவாமலே வட்டிலிருந்து ஓடும் லைவ் சி.டி-யில் இந்த வழி சுலபமில்லை, மாட்யூல் முன்பே தயாராக இருக்க வேண்டும். 2006-இல் கொரோரா லைவ் சி.டி-மீது ஜி.பி.எல் மீறல் புகார் வந்தது இதனால்தான்.

முனையம்: மன்னிக்கவும், இது குறுக்குவழி. லிங்க் எங்கே நடந்தாலும் மாட்யூல் கெர்னலின் வழிப்படைப்புதான், அதாவது அதிலிருந்து பிறந்தது, அதன் உரிமத்துக்குக் கட்டுப்பட்டது.

பதில்: அந்த வாதத்துக்கு வலு உண்டு. ஆனால் வேறு இயங்குதளத்துக்கு எழுதிய நிரலைக் கொண்டுவந்து பொருத்தினால் அது லினக்ஸின் வழிப்படைப்பா என்பது தனிக் கேள்வி. கெர்னல்காரர்கள் தொழில்நுட்பமாகவே கோடு போட்டார்கள்: சில சிம்பல்கள் (மாட்யூல்கள் அழைக்கும் கெர்னல் செயற்கூறுகள்) ஜி.பி.எல் மாட்யூலுக்கு மட்டும்.

முனையம்: நடுவில் ஒரு ஜி.பி.எல் மாட்யூலை வைத்து அதையும் தாண்டினார்களே!

பதில்: தாண்டினார்கள். 2020-இல் 5.9 கெர்னல் அதையும் அடைத்தது. மூடிய மாட்யூலின் சிம்பலை எடுக்கும் மாட்யூலும் மூடியதாகவே கருதப்படும், ஜி.பி.எல் சிம்பல் அதற்குக் கிடைக்காது. உங்கள் பெட்டியில் இப்படி ஒரு இடைமாட்யூல் இருந்தால் 5.9-க்கோ அதற்கு மேலோ போகும்போது உடையும். வணிகமாகச் செய்பவருக்கு என் யோசனை: ட்யூரிங் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய என்விடியா அட்டையை வாங்கி, என்விடியா 2022 மே மாதம் எம்.ஐ.டி/ஜி.பி.எல் இரட்டை உரிமத்தில் திறந்த கெர்னல் மாட்யூலைப் போடுங்கள். பயனர் பக்க நூலகங்கள் இன்னும் மூடியவைதான், ஆனால் அவை கெர்னலுக்குள் போவதில்லை.

முனையம்: அப்படியானால் உபுண்டு செய்தது சரி என்கிறீர்களா?

பதில்: தற்காத்துக்கொள்ளக்கூடியது என்கிறேன். இதற்கு மேல் தனி இழையில் பேசுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கருநிலவு: கெர்னலின் டெயின்ட் (கறைக் குறி) மதிப்பு 12289 காட்டுகிறது. என்ன சார் அது?

பதில்: 1 + 4096 + 8192. மூடிய மாட்யூல், கெர்னல் மரத்துக்கு வெளியே கட்டியது, கையொப்பம் இல்லாதது. செக்யூர் பூட்டை (கையொப்பம் சரிபார்க்கும் தொடக்கப் பாதுகாப்பு) இயக்கினால் இந்த மாட்யூல் ஏறாது. மொக்யூடில் என்ற கட்டளை வழியே உங்கள் கையொப்பச் சாவியைப் பதிந்து, ஒரு கடவுச்சொல் கொடுத்து, மறுதொடக்கம் செய்யுங்கள். வரும் நீலத்திரை 10 வினாடிதான் நிற்கும். விசையை அழுத்தத் தவறினால் மறுபடி முதலிலிருந்து பதிய வேண்டும். பிறகு மாட்யூலை அந்தச் சாவியால் ஒப்பமிடுங்கள்.

மழைத்துளி: வைஃபை ஃபர்ம்வேர் மூடியது. அதைச் சேர்த்தால்?

பதில்: அது அட்டையின் செயலியில் ஓடுகிறது, கெர்னலோடு லிங்க் ஆவதில்லை. டெபியன் குழுவினரின் 2022 வாக்கெடுப்புக்குப் பிறகு, டெபியன் 12 அதை அதிகாரப்பூர்வ நிறுவி வட்டிலேயே தருகிறது. மறுவிநியோக அனுமதி உண்டா என்று ஒவ்வொரு கோப்பின் உரிமத்தையும் படியுங்கள். பலவற்றில் மாற்றாமல் தர மட்டுமே அனுமதி.

தறி: எங்கள் ஈ.ஆர்.பி-யை (நிறுவன நிர்வாக மென்பொருள்) சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம் லினக்ஸ் ஐ.எஸ்.ஓ-வில் சேர்த்தால் அதன் சோர்ஸைத் தர வேண்டுமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். எல்.டி.டி.

வேலி: ஜி.பி.எல் வட்டில் எங்கள் மூடிய நிரல்...

பதில்: இதே கேள்வி மூன்றாவது முறை. முதல் பதில்.

பனித்துளி: உபுண்டுவை மாற்றி எங்கள் பெயரில் விற்கலாமா?

பதில்: நிரலுக்கு ஜி.பி.எல் இடம்தருகிறது, பெயருக்கும் சின்னத்துக்கும் தராது. அது வணிகமுத்திரைச் சட்டம். ரெட்ஹேட் சோர்ஸிலிருந்து சென்ட்ஓஎஸ் கட்டியவர்கள் பெயரையும் படங்களையும் நீக்கித்தான் வெளியிட்டார்கள். பூட் திரை, வால்பேப்பர், நிறுவியின் பக்கங்கள், உதவி ஆவணங்கள் நான்கையும் பாருங்கள். உதவி ஆவணங்களில்தான் பெரும்பாலும் தப்பிக் கிடக்கும்.

பில்பெட்டி: அண்ணா, கடைசியாக. ஆறு மாதம் முன் அனுப்பிய ஐ.எஸ்.ஓ-வுக்கு சோர்ஸ் எடுத்து வைக்கவில்லை. இப்போது?

பதில்: இதற்குத்தான் அன்றே கட்டச் சொன்னேன். வழி இருக்கிறது. அந்த ஐ.எஸ்.ஓ-வை மெய்நிகர் கணினியில் ஏற்றி, டெபியனின் பொதிக் கருவியான டி.பி.கே.ஜி-யில் பொதிப் பட்டியலைப் பதிப்பு எண்ணோடு எடுங்கள். வழக்கமான மிரரில் (பதிவிறக்க நகல் தளம்) பழைய பதிப்பு இருக்காது. டெபியனின் ஸ்னாப்ஷாட் தளத்தில் தேதிவாரியாகக் கிடைக்கும். உங்கள் பேட்ச், கிட் (மாற்றங்களைப் பதியும் கருவி) களஞ்சியத்தில் எந்த கமிட்டில் (பதிவில்) இருந்தது என்று பில்டு பதிவில் பார்த்து அதையும் சேருங்கள். இந்த வாரமே முடியுங்கள்.